தோல்விக்கும் ஒரு நிறம்

வாசிப்பதற்கு முன்: உங்கள் பள்ளிக் காற்பந்துக் குழு சென்ற ஆண்டு எத்தனை ஆட்டங்களில் தோற்றது? அந்தத் தோல்விகள் எங்கேனும் எழுதி வைக்கப்பட்டுள்ளனவா? நண்பரோடு கலந்துரையாடிய பின் கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக.

மரப்பட்டை சொல்லும் கணக்கு

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தோட்டப்புறங்களில் பால்மரங்களை இன்றும் சில இடங்களில் காணலாம். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு மரத்தின் அருகே சென்று, பால் வெட்டிய பகுதியை உற்றுப் பாருங்கள். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிந்து இறங்கும் மெல்லிய கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு நாள் உழைப்பின் அடையாளம்.

பால்வெட்டுத் தொழிலாளி விடியற்காலையில் காட்டுக்குள் சென்று, கூரிய கத்தியால் பட்டையை மிக மெல்லியதாகச் சீவுகிறார். நல்ல கைப்பழக்கம் உடையவர் ஒரு முறைக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் பட்டையைத்தான் எடுப்பார். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டும் முறையில், ஓர் ஆண்டில் 150 முறை வெட்டினால் 22.5 சென்டிமீட்டர் பட்டை தீரும். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்று பால் வெட்ட மாட்டார்கள். வெட்டினாலும் பால் வழிந்து வீணாகும். ஆகவே, அடைமழைக் காலத்தில் பட்டை குறைவாகத் தீர்ந்திருக்கும். பட்டை அளவுக்கு மேல் தீர்ந்துவிடாமல் கண்காணிப்பதற்காக, மரத்தில் மாதக் குறிகள் இடும் வழக்கமும் தோட்டங்களில் உண்டு.

கத்தி ஆழமாகப் பாய்ந்து மரத்தைத் தொட்டுவிட்டால் அங்குக் காயம் ஏற்படும். பட்டை மீண்டும் வளரும். ஆனால், காயம் பட்ட இடம் மேடும் பள்ளமுமாகவே வளரும். ஒரு நாள் செய்த பிழை பல ஆண்டுகள் கண்முன் நிற்கும். அதை மறைக்க யாராலும் இயலாது. நல்ல நாளையும் கெட்ட நாளையும் ஒருசேரக் காட்டும் உண்மையான பதிவு, பால்மரத்தின் பட்டை.

மரத்தில் இத்தகைய பதிவு தானாகவே அமைந்துவிடுகிறது. நம் கையால் நூலைக்கொண்டும் இப்படி ஒரு பதிவை உருவாக்கலாம். ஒரு காற்பந்துப் பருவத்தின் வெற்றி தோல்விகளைக் கோடுகோடாகப் பின்னலாடையில் பதிக்கும் கலையைப் பற்றி இனிக் காண்போம்.

பின்னல் என்பது என்ன?

நெசவில் பாவு, ஊடு என இரண்டு வகை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பின்னலில் அப்படியில்லை. ஒரே நூல் வளையம் வளையமாக வளைந்து, ஒரு வளையத்தின் வழியே இன்னொரு வளையமாக நுழைந்து துணியாகிறது. இந்த வளையத்தைக் கண்ணி என்பர். பக்கம் பக்கமாக அமைந்த கண்ணிகள் ஒரு வரிசையாகின்றன. ஒரு வரிசையின்மேல் அடுத்த வரிசை எழுகிறது. இரண்டு நீண்ட ஊசிகள் இருந்தால் போதும். ஒற்றைக் கொக்கி ஊசியாலும் பின்னலாம். நம் வீடுகளில் கொக்கி ஊசியால் மேசை விரிப்பும் நாற்காலி உறையும் பின்னிய பாட்டிமார் உண்டு.

வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே எழ முடியும். பத்தாவது வரிசையைப் பின்னாமல் பதினொன்றாவது வரிசைக்குப் போக முடியாது. நாள்களும் அப்படித்தான் நகர்கின்றன. அதனால்தான், நாள்களையும் வாரங்களையும் பதிவு செய்யப் பின்னல் இயல்பாகவே பொருந்துகிறது. நூலின் நிறத்தை மாற்றினால் ஒரு கோடு கிடைக்கும். கோட்டின் நிறத்துக்கு ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால், அந்தத் துணி வாசிக்கத்தக்கதாகிறது.

உலகில் நூலால் எழுதியவர்கள்

நூலில் கணக்கு வைப்பது புதிய செய்தியன்று. தென் அமெரிக்காவில் இன்கா பேரரசை ஆண்டவர்கள், கீப்பு எனப்படும் முடிச்சுக் கயிறுகளில் மக்கள்தொகையையும் வரியையும் பதிந்து வைத்தனர். முடிச்சு இருக்கும் இடத்தைப் பொறுத்து அது ஒன்றாகவோ, பத்தாகவோ, நூறாகவோ பொருள்படும். ஓர் இடத்தில் முடிச்சே இல்லையென்றால் அங்குச் சுழியம்.

நம் காலத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு அருகே வாழும் ஒரு பெண்மணி, 2018ஆம் ஆண்டு முழுவதும் தாம் பயணம் செய்த இரயிலின் தாமதத்தைக் கழுத்துத் துண்டில் பின்னினார். நாளொன்றுக்கு இரண்டு வரிசைகள். தாமதம் 5 நிமிடத்துக்குள் இருந்தால் சாம்பல் நிறம். 30 நிமிடம் வரை என்றால் இளஞ்சிவப்பு. அதற்கும் மேல் என்றால் சிவப்பு. 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்தத் துண்டு ஏலத்தில் 7,550 யூரோவுக்கு விலைபோனது. அந்தப் பணம் இரயில் நிலையங்களில் பயணிகளுக்கு உதவும் தொண்டு அமைப்புக்கு வழங்கப்பட்டது.

அறிவியலும் இந்தக் கலையிடம் கடன்பட்டுள்ளது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பருவநிலை ஆய்வாளராக விளங்கிய எல்லி ஹைவுட், உலக வெப்பநிலை உயர்வைக் காட்டும் போர்வை ஒன்றைக் கொக்கி ஊசியால் பின்னினார். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெப்பநிலைக் கோடுகள் என்னும் படத்தை உருவாக்கினார். ஓர் ஆண்டுக்கு ஒரு கோடு. குளிர்ந்த ஆண்டுக்கு நீலம், வெப்பமான ஆண்டுக்குச் சிவப்பு. எண்ணும் எழுத்தும் இல்லாத அந்தப் படம் இன்று உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. போர்வை முந்தியது, படம் அதன்பின் வந்தது.

குளிர்நாடுகளில் பலர் நாள்தோறும் வெப்பநிலையைக் குறித்து ஓராண்டுப் போர்வை பின்னுகின்றனர். அந்த முறையை நெகிரி செம்பிலானில் பின்பற்றினால் பயன் குறைவு. இங்கு ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. போர்வை ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். பதிவு செய்யத் தேர்ந்தெடுக்கும் பொருள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். காற்பந்து முடிவுகள் வாரந்தோறும் மாறுகின்றன. ஆகவே, நம் மண்ணுக்கு ஏற்ற பொருள் விளையாட்டுப் பருவம்தான்.

பட்டியலில் தெரியாதது கோட்டில் தெரியும்

ஒரு குழு ஒரு பருவத்தில் 14 ஆட்டங்கள் ஆடியதாக வைத்துக்கொள்வோம். வெற்றி 6, சமநிலை 3, தோல்வி 5. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி என்பதால் மொத்தம் 21 புள்ளிகள். மற்றொரு குழுவும் அதே 6, 3, 5 என்ற கணக்கில் 21 புள்ளிகள் பெற்றது. புள்ளிப் பட்டியலில் இரு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை.

ஆனால், முதல் குழு தொடக்கத்தில் ஐந்து ஆட்டங்களிலும் தோற்று, பின் மூன்றில் சமநிலை கண்டு, இறுதி ஆறு ஆட்டங்களையும் வென்றது. இரண்டாவது குழுவோ முதல் ஆறு ஆட்டங்களை வென்று, பின் தளர்ந்து, இறுதி ஐந்து ஆட்டங்களில் தோற்றது. ஒரு குழு எழுந்த கதை. மற்றொரு குழு சரிந்த கதை. பட்டியல் கூட்டுத்தொகையைச் சொல்கிறது. கோடு போட்ட துணியோ நடந்த வரிசையைச் சொல்கிறது.

இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கிலிருந்து உண்மையான இரு பருவங்களை எடுத்துக்கொள்வோம். அங்கு ஒரு குழு ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடுகிறது. 2003–2004ஆம் பருவத்தில் அர்செனல் குழு 26 ஆட்டங்களில் வென்று, 12 ஆட்டங்களில் சமநிலை கண்டது. தோல்வியே இல்லை. அந்தப் பருவத்தைப் பின்னினால் துண்டு முழுவதும் இரண்டே நிறங்கள்தாம் இருக்கும்.

2007–2008ஆம் பருவத்தில் டெர்பி கவுண்டி குழு 29 ஆட்டங்களில் தோற்றது, 8 சமநிலை, ஒரே ஒரு வெற்றி. அந்த வெற்றி ஆறாவது ஆட்டத்தில் கிடைத்தது. அதன்பின் 32 ஆட்டங்கள் வெற்றியின்றியே கழிந்தன. அந்தத் துண்டில் ஆறாவது கோடு மட்டும் வெற்றியின் நிறத்தில் இருக்கும். மீதிக் கோடுகளைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. இத்தனை தோல்விகளுக்குப் பின்னும் அரங்கிற்கு யார் வந்திருப்பார்கள்? அந்தப் பருவத்தில் டெர்பியின் சொந்த அரங்கிற்குச் சராசரியாக 32,000க்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தனர் என்பதே விடை. குழுவின்மீது அவர்கள் கொண்ட பற்றை வெற்றிக் கோடுகள் காட்டுவதைவிடத் தோல்விக் கோடுகளே தெளிவாகக் காட்டுகின்றன.

மூன்று இறுதியாட்டங்கள், மூன்று கோடுகள்

நம் மாநிலக் குழுவின் வரலாற்றைப் பாருங்கள். நெகிரி செம்பிலான் 1948இல் மலாயாக் கிண்ணத்தை வென்றது. அதே போட்டிதான் பிற்காலத்தில் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. அதன்பின் 61 ஆண்டுகள் அந்தக் கிண்ணம் நெகிரி செம்பிலானுக்கு வரவில்லை. 2009ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் கிளந்தானை 3–1 எனும் கோல் கணக்கில் வீழ்த்தியபோதுதான் காத்திருப்பு முடிவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டு, அதாவது 2010இல், அதே இரு குழுக்களும் மீண்டும் இறுதியாட்டத்தில் மோதின. இம்முறை கிளந்தான் 2–1 என வென்று முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2011இல் நெகிரி செம்பிலான் மூன்றாவது முறையாகத் தொடர்ந்து இறுதியாட்டத்துக்கு வந்தது. திரங்கானுவை 2–1 என வென்றது.

கிண்ணம் வென்ற ஆண்டுகளை மட்டும் எழுதும் பட்டியலில் 2009, 2011 என்ற இரண்டு எண்கள்தாம் இருக்கும். இடையில் நடந்தது மறைந்துவிடும். மூன்று ஆட்டங்களையும் பின்னினால் மஞ்சள், கறுப்பு, மஞ்சள் எனக் கோடுகள் அமையும். நடுவில் இருக்கும் கறுப்புக் கோடுதான் மூன்றாவது கோட்டின் மதிப்பை உயர்த்துகிறது. முந்திய ஆண்டு இறுதியாட்டத்தில் தோற்ற வலியோடு மீண்டும் அதே நிலைக்கு வந்து வென்ற குழு அது என்று அந்தக் கோடு சொல்கிறது. அதை நீக்கிவிட்டால் கதையின் உயிர் போய்விடும்.

எப்படிப் பின்னுவது?

1. நிறங்களைத் தேர்ந்தெடுத்தல்

நெகிரி செம்பிலான் கொடியில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்று நிறங்கள் உள்ளன. மஞ்சள் மாநில ஆட்சியாளரான யாங் டி பெர்துவான் பெசாரையும், கறுப்பு உண்டாங் எனப்படும் தலைவர்களையும், சிவப்பு மக்களையும் குறிக்கின்றன. இம்மூன்று நிறங்களையே நூலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். வெற்றிக்கு மஞ்சள், சமநிலைக்குச் சிவப்பு, தோல்விக்குக் கறுப்பு. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதவர்கள் நம்மிடையே உள்ளனர். எனவே, வெற்றிக்குப் பச்சை, தோல்விக்குச் சிவப்பு என வைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

2. நூலைத் தேர்ந்தெடுத்தல்

நம் வெப்பத்துக்குக் கம்பளி நூலைவிடப் பருத்தி நூல் ஏற்றது. பருத்தி நூலில் ஒரு சிக்கல் உண்டு. அது கனமானது, பெரிய ஆடையாகப் பின்னினால் தன் எடையாலேயே கீழ்நோக்கித் தொய்யும். ஆகவே, இறுக்கமாகப் பின்னுங்கள். மூன்று நிறங்களையும் சேர்த்து ஒரு சிறு மாதிரித் துண்டு பின்னி, முதலில் துவைத்துப் பாருங்கள். சிவப்பும் கறுப்பும் சாயம் விட்டால் மஞ்சள் கெட்டுவிடும்.

3. கணக்கிடுதல்

மாதிரித் துண்டில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை வரிசைகள் என எண்ணுங்கள். 40 வரிசைகள் எனக் கொள்வோம். அப்படியானால் 4 வரிசைகளுக்கு 1 சென்டிமீட்டர். 14 ஆட்டங்கள் கொண்ட பருவத்துக்கு 140 சென்டிமீட்டர் நீளக் கழுத்துத் துண்டு வேண்டுமென்றால், ஓர் ஆட்டத்துக்கு 10 சென்டிமீட்டர்; அதாவது 40 வரிசைகள். 38 ஆட்டங்கள் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 16 வரிசைகள் போதும். துண்டின் நீளம் 152 சென்டிமீட்டராக அமையும்.

கார்டிகன் எனப்படும், முன்பக்கம் திறந்து பொத்தான் இடும் பின்னல் மேலாடையையும் இம்முறையில் பின்னலாம். 2022ஆம் ஆண்டு மலேசிய சூப்பர் லீக்கில் 12 குழுக்கள் பங்கேற்றன. ஒவ்வொரு குழுவும் சொந்த அரங்கில் 11, வெளி அரங்கில் 11 என மொத்தம் 22 ஆட்டங்கள் ஆடின. ஓர் ஆட்டத்துக்கு 10 வரிசைகள் எனக் கொண்டால், 220 வரிசைகளில் ஆடையின் உடற்பகுதி 55 சென்டிமீட்டர் நீளம் வரும். வலக் கையில் சொந்த அரங்கின் 11 ஆட்டங்களையும் இடக் கையில் வெளி அரங்கின் 11 ஆட்டங்களையும் பதிக்கலாம். ஓர் ஆட்டத்துக்கு 16 வரிசைகள் என்றால் கையின் நீளம் 44 சென்டிமீட்டர். ஆடையை அணிந்தவர் இரு கைகளையும் நீட்டினாலே, அந்தக் குழு சொந்த மண்ணில் எப்படி ஆடியது, வெளியில் எப்படி ஆடியது என்பது தெரிந்துவிடும்.

வரிசைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும். அப்போதுதான் நிறம் மாற்றும்போது நூல் எப்போதும் ஒரே ஓரத்தில் நிற்கும். ஒவ்வொரு முறையும் நூலை வெட்டி முடிச்சுப் போடும் வேலை குறையும்.

4. கோல்களைக் குறித்தல்

பின்னி முடித்த கோட்டின்மேல் வெள்ளை நூல் கோத்த தையலூசியால் சிறு புள்ளிகள் இடுங்கள். வலப்பாதியில் நம் குழு அடித்த கோல்கள். இடப்பாதியில் எதிரணி அடித்த கோல்கள். 2009ஆம் ஆண்டு இறுதியாட்டம் என்றால் மஞ்சள் கோட்டில் வலப்பக்கம் மூன்று புள்ளிகள், இடப்பக்கம் ஒரு புள்ளி.

பிரிக்கக் கூடாத பின்னல்

மரப்பட்டைக்கும் பின்னலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பட்டையில் விழுந்த காயத்தை அழிக்க முடியாது. பின்னலை அழிப்பதோ மிக எளிது. ஊசியை உருவி, நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும். ஒரு மணி நேர வேலை ஒரு நிமிடத்தில் பிரிந்துவிடும். அந்தக் கறுப்புக் கோட்டைப் பிரித்துவிட்டு மஞ்சளாகப் பின்னினால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் வரலாம். பின்னுபவருக்கு மட்டும்தான் தெரியும். எனவே, இந்தப் பதிவு உண்மையாக இருப்பது பின்னுபவரின் நேர்மையையே பொறுத்தது.

இதற்குச் சில விதிகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நிறங்களையும் வரிசைகளையும் ஓர் அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள். முடிவு தெரிந்தபின் விதியை மாற்றினால், நாம் விரும்பியதைத்தான் துணி காட்டும், நடந்ததைக் காட்டாது. ஆட்டம் முடிந்த அதே வாரத்தில் அதற்குரிய கோட்டைப் பின்னிவிடுங்கள். நிறத்தைத் தவறுதலாக மாற்றிப் பின்னியிருந்தால் பிரித்துத் திருத்தலாம். தோல்வி பிடிக்கவில்லை என்பதற்காகப் பிரிக்கக் கூடாது. மழையால் நிறுத்தப்பட்ட ஆட்டத்தை எப்படிக் காட்டுவது, எதிரணி வராமல் கிடைத்த வெற்றியை எப்படிக் காட்டுவது என்பவற்றையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். நிறங்களின் பொருளை ஒரு சிறு துணியில் எழுதி ஆடையின் உட்புறம் தைத்துவிடுங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதைக் கையில் எடுப்பவருக்குப் பொருள் விளங்க வேண்டுமல்லவா?

இந்த நேர்மை பின்னலுக்கு மட்டும் உரியதன்று. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் தாம் பெற்ற புள்ளிகளைப் பதிந்து வருகிறார் என வைத்துக்கொள்வோம். குறைந்த புள்ளிகளை விட்டுவிட்டு உயர்ந்த புள்ளிகளை மட்டும் எழுதினால், எந்தப் பாடத்தில் உழைக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியாமல் போகும். குடும்பத்தின் செலவுக் கணக்கும் அப்படியே. நமக்கு உதவும் பதிவு, நமக்குப் பிடிக்காததையும் காட்டும் பதிவுதான்.

யாரும் எழுதாத பருவங்கள்

மாநிலக் குழுவின் முடிவுகளை நாளிதழ்கள் எழுதின, தொலைக்காட்சி காட்டியது. அவை எளிதில் மறையா. ஆனால், தோட்டத் திடல்களில் நடந்த ஆட்டங்களை யார் எழுதினர்?

காலையில் பால் வெட்டி, பால் நிறுத்து முடித்த இளைஞர்கள், மாலையில் கோயிலுக்கும் பள்ளிக்கும் அருகிலிருந்த திடலில் பந்து விளையாடினர். பக்கத்துத் தோட்டத்தோடு ஆடும் நாளில் திடலைச் சுற்றிக் கூட்டம் கூடும். ஒருவர் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்பதைத் தோட்ட அலுவலகத்தின் செக்ரோல் பதிவு செய்தது. அவர் எத்தனை கோல் அடித்தார் என்பதை எந்தப் பதிவேடும் எழுதவில்லை. வென்ற கிண்ணம் ஏதேனும் ஒரு கண்ணாடி அலமாரியில் இருக்கலாம். தோற்ற ஆட்டங்களுக்குக் கிண்ணம் இல்லை. ஆகவே, அவை நினைவில் மட்டுமே இருந்தன.

அந்த நினைவைச் சுமந்தவர்கள் இன்று பல ஊர்களில் சிதறி வாழ்கின்றனர். பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. சிரம்பான், நீலாய், லாபு சுற்றுவட்டாரங்களில் பல தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லின்சம், கெர்பி, சுவா பெத்தோங் போன்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. பெயர் எஞ்சியிருக்கிறது. அந்தப் பெயரைச் சட்டையில் அணிந்து ஆடியவர்களின் கதையோ எஞ்சவில்லை.

கடந்துபோன அந்தப் பருவங்களை முழுமையாகப் பின்ன இனி இயலாது. முடிவுகள் நினைவில்லாத ஆட்டங்களுக்கு நாமாக ஒரு நிறம் கொடுத்தால் அது பொய்யாகிவிடும். ஆனால், நினைவில் நிற்கும் ஆட்டங்களை எழுதி வாங்கலாம். உங்கள் தாத்தாவோ மாமாவோ தோட்டக் குழுவில் ஆடியிருந்தால் அவரிடம் கேளுங்கள். வென்ற ஆட்டத்தை அவர் தாமாகவே சொல்வார். தோற்ற ஆட்டத்தை நாம்தான் கேட்க வேண்டும்.

இவ்வாண்டு உங்கள் பள்ளிக் குழுவோ வட்டாரக் குழுவோ ஆடவிருக்கும் பருவம் இன்னும் தொடங்காமல் இருக்கலாம். அதன் முதல் வரிசையைப் பின்ன மூன்று நூலுருண்டைகளும் இரண்டு ஊசிகளும் போதும். மூன்று நிறங்களையும் சமமாக வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நிறம் முதலில் தீரும் என்பது பருவம் முடியும்போதுதான் தெரியும்.

சொற்பொருள்

பாவு – நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல்
ஊடு – நெசவில் குறுக்குவாக்கில் ஓடும் நூல்
கண்ணி – பின்னலில் நூல் வளைந்து உண்டாகும் வளையம்
செக்ரோல் – தோட்டத் தொழிலாளர்களின் வேலைநாள் பதிவேடு
சுழியம் – பூச்சியம்
தொய்தல் – இறுக்கம் தளர்ந்து கீழ்நோக்கி இழுபடுதல்
செம்பனை – எண்ணெய் எடுக்கப் பயிரிடப்படும் பனை வகை

கருத்துணர் கேள்விகள்

1. மழைக்காலத்தில் பால்மரத்தின் பட்டை குறைவாகத் தீர்வது ஏன்?
2. நாள்களையும் வாரங்களையும் பதிவு செய்யப் பின்னல் பொருத்தமானது எனக் கட்டுரையாளர் கூறக் காரணம் என்ன?
3. ஒரே புள்ளிகளைப் பெற்ற இரு குழுக்களின் வேறுபாட்டைக் கோடு போட்ட துணி எவ்வாறு காட்டுகிறது? விளக்குக.
4. 2010ஆம் ஆண்டின் கறுப்புக் கோடு 2011ஆம் ஆண்டின் வெற்றிக்கு மதிப்புச் சேர்க்கிறது என்னும் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணத்துடன் எழுதுக.
5. மரப்பட்டைப் பதிவுக்கும் பின்னல் பதிவுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.

நடவடிக்கை

அ. 18 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்துக்கு 144 சென்டிமீட்டர் நீளக் கழுத்துத் துண்டு பின்ன வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு 40 வரிசைகள் என்றால், ஓர் ஆட்டத்துக்கு எத்தனை வரிசைகள் பின்ன வேண்டும்? கணக்கிடுக.

ஆ. உங்கள் வட்டாரத்தில் தோட்டக் குழுவுக்காகக் காற்பந்து ஆடிய பெரியவர் ஒருவரை நேர்காணல் செய்க. அவர் நினைவில் நிற்கும் ஒரு வெற்றியையும் ஒரு தோல்வியையும் 120 சொற்களில் எழுதுக.

இ. உங்கள் பள்ளிக் குழுவின் ஒரு பருவ முடிவுகளை மூன்று வண்ணங்களில் கோடுகளாக வரைந்து, நிற விளக்கத்துடன் வகுப்பில் காட்சிக்கு வைத்திடுக.